எழுத்தாளருக்கு ஒரு ரேஷன் கார்டு

போன இதழில், 'சோவியத் எழுத்தாளர் சங்கத்திலிருந்து ஒருவரை நீக்கினால் அவருக்குப் பேனா போகாது, அடுப்புதான் அணையும்' என்று போகிற போக்கில் ஒரு வரி எழுதிவிட்டேன். அதற்கு இத்தனை கடிதம் வரும் என்று நினைக்கவில்லை. இரண்டு பேர் திட்டியிருக்கிறார்கள், அதில் ஒருவர் பதிவுத் தபாலில். சரி, இந்த இதழ் முழுக்க அதற்கே போகட்டும். பூனைக்குட்டிக்குப் பெயர் கேட்ட வேலூர் அம்மா ஒரு மாதம் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

சங்கம் என்றால் சந்தா கட்டுவோம், ஆண்டு விழாவில் கேசரி சாப்பிடுவோம், பொருளாளரைச் சந்தேகப்படுவோம். அதிலிருந்து நீக்கினால் அடுப்பு எப்படி ஐயா அணையும்?
— ஆர். கே., விருதுநகர்

உங்கள் சங்கம் உங்களுக்கு வீடு கொடுத்ததா? அங்கே கொடுத்தது. அதுதான் விஷயம்.

1932 ஏப்ரல் 23 அன்று சோவியத் கம்யூனிஸ்ட் கட்சியின் மத்தியக் குழு ஒரு தீர்மானம் போட்டது. அதுவரை இருந்த இலக்கிய அமைப்புகள் கலைக்கப்பட்டன. இனி ஒரே சங்கம். கலைக்கப்பட்டவற்றில் 'ராப்' என்ற பாட்டாளி எழுத்தாளர் அமைப்பும் ஒன்று. மற்ற எழுத்தாளர்களை வர்க்க விரோதி என்று வசைபாடுவதையே தொழிலாக வைத்திருந்த கூட்டம் அது. ஆகவே தீர்மானம் வந்த அன்று பல நல்ல எழுத்தாளர்கள் சந்தோஷப்பட்டார்கள். தொல்லை ஒழிந்தது என்று நினைத்தார்கள். இதை மறந்துவிட்டு, முதல் நாளே எல்லோர் கையிலும் விலங்கு மாட்டினார்கள் என்று கதை சொல்லக் கூடாது.

1934-இல் 'லித்ஃபோந்த்' வந்தது. இலக்கிய நிதியம் என்று வைத்துக்கொள்ளுங்கள். சங்கத்துக்கு அதுதான் சமையலறை. பதிப்பகங்களிலிருந்தும் நாடக அரங்குகளிலிருந்தும் ஒரு பங்கு பணம் அதற்கு வரும். அதிலிருந்து கைமாற்று, வைத்தியம், ஓய்வு விடுதிக்குச் சீட்டு. மாஸ்கோவுக்கு வெளியே பெரெதெல்கினோ என்ற கிராமத்தில், பைன் மரங்களுக்கு நடுவே, எழுத்தாளர்களுக்கென்று மரவீடுகள். நகரத்துக்குள் திரெத்யகோவ் ஓவியக்கூடத்துக்கு எதிரே, லவ்ருஷின்ஸ்கி சந்தில் அடுக்குமாடிக் குடியிருப்பு. சங்கத்தின் மாளிகையில் சாப்பாட்டுக்கூடம். வெளியே கடைகளில் கிடைக்காத பண்டம் அங்கே கிடைக்கும். ஒரு குடும்பம் ஓர் அறையிலும், ஐந்து குடும்பங்கள் ஒரே அடுப்படியிலும் காலம் தள்ளிய ஊரில் இதெல்லாம் என்ன விலை பெறும் என்று யோசியுங்கள். பின்னாளில் வொய்னோவிச் என்ற எழுத்தாளர் இதை வைத்து ஒரு குறுநாவலே எழுதினார். சங்கம் உறுப்பினர்களுக்குக் குளிர்காலத் தொப்பி தருகிறது: பெரிய எழுத்தாளருக்கு உயர்ந்த ரோமம், சின்ன எழுத்தாளருக்குப் பூனைத் தோல். கதாநாயகன் அந்தப் பூனைத் தொப்பியால் மனம் உடைந்து போகிறான். அதை எழுதுவதற்கு வெகு முன்பே, 1974-இல், வொய்னோவிச்சைச் சங்கத்திலிருந்து நீக்கிவிட்டார்கள்.

அப்புறம் ஒன்று. நம் ஊரில் பத்திரிகை திருப்பி அனுப்பினால், மனைவியின் வளையலை அடகு வைத்தாவது ஒருவர் தன் கவிதையை அச்சுப் போட்டுவிடலாம். எனக்குத் தெரிந்து நாலு வளையல்கள் அப்படிப் போயிருக்கின்றன. அங்கே காகிதம், அச்சகம், கடை எல்லாமே அரசு. வேறு கதவு கிடையாது.

1934 மாநாட்டில் 'சோஷலிச யதார்த்தவாதம்' என்று தீர்மானித்தபோது யாருமே வாய் திறக்கவில்லையா?
— கல்லூரி மாணவி, திருநெல்வேலி

திறந்தார்கள், சிரிக்க வைக்கும் விதமாக. ஆகஸ்ட் 17 முதல் செப்டம்பர் 1 வரை மாஸ்கோவில் நடந்த சங்கத்தின் முதல் மாநாடு அது. சோஷலிச யதார்த்தவாதம் என்றால், சோஷலிசத்தைக் கட்ட உதவும்படி எழுத வேண்டும் என்ற கட்சிக் கொள்கை. தலைமை கார்க்கி. மேடையில் ஐசக் பாபெல் ஏறினார். அவர் கதைகள் வருவது ஏற்கெனவே குறைந்துபோயிருந்தது. தன்னைப் பற்றியே, மௌனம் என்ற இலக்கிய வகையில் நான் பெரிய நிபுணன் என்று சொல்லிக்கொண்டார். அதோடு விடவில்லை. 'கட்சியும் அரசும் நமக்கு எல்லாவற்றையும் கொடுத்துவிட்டன, மோசமாக எழுதும் உரிமையை மட்டும்தான் எடுத்துக்கொண்டன' என்று சொபோலெவ் என்ற எழுத்தாளர் பெருமையாகச் சொல்லியிருந்தார். பாபெல் அதை எடுத்துக்கொண்டு, ஆமாம் தோழர்களே, ஆனால் அது ரொம்ப முக்கியமான உரிமை, நாம் அதை நிறையவே பயன்படுத்தி வந்தோம் என்றார். கூட்டம் சிரித்தது.

நான் இதை முதலில் படித்தபோது அவர் காக்காய் பிடிக்கிறார் என்று நினைத்தேன். நாலாவது தடவைதான் உறைத்தது. மோசமாக எழுத முடியாத இடத்தில் நன்றாகவும் எழுத முடியாது. 1939 மே மாதம் பெரெதெல்கினோ வீட்டில் வைத்து அவரைக் கைது செய்தார்கள். 1940 ஜனவரி 27 அன்று சுட்டார்கள்.

அரசு பிடித்தது, அரசு சுட்டது. அதற்குச் சங்கத்தை ஏன் குறை சொல்கிறீர்கள்? அதுவும் பாவம் அடிமைதானே?
— ப. மு., கோவில்பட்டி

கவிஞர் மாந்தெல்ஷ்தாம் கதையைச் சொல்கிறேன், நீங்களே முடிவு செய்யுங்கள். அவர் சங்கத்தில் உறுப்பினர்கூட இல்லை. ஸ்டாலினைக் கேலி செய்து ஒரு கவிதை சொன்னதற்காக மூன்று வருடம் நாடு கடத்தலுக்கு ஒப்பான தண்டனையை அனுபவித்துவிட்டு 1937-இல் திரும்பியவர். மாஸ்கோவில் குடியிருக்க அனுமதி இல்லை, வருமானம் இல்லை. தெரிந்தவர்களிடம் கையேந்திப் பிழைக்கிறார். சங்கத்து வாசற்படியிலும் ஏறி இறங்குகிறார்.

1938 மார்ச்சில் திடீரென்று கதவு திறந்தது. அவருக்கும் மனைவிக்கும் ஓய்வு விடுதிக்குச் சீட்டு. இலக்கிய நிதியத்தின் ஏற்பாடு. சமாதிகா என்ற இடம், ரயில் நிலையத்திலிருந்து வெகு தூரம், சுற்றிலும் காடு, பனி. சாப்பாடு, மெத்தை, அமைதி. பல வருடங்களுக்குப் பிறகு இருவரும் நிம்மதியாகத் தூங்கினார்கள்.

அதே மார்ச் 16 அன்று சங்கத்தின் தலைமைச் செயலாளர் ஸ்தாவ்ஸ்கி, உள்துறை போலீஸின் தலைவர் யெழோவுக்கு ஒரு கடிதம் எழுதினார். மாந்தெல்ஷ்தாம் பிரச்சினையைத் தீர்க்க உதவுங்கள் என்று. கடிதத்தோடு ஓர் இணைப்பும் உண்டு: பாவ்லென்கோ என்ற எழுத்தாளர் மாந்தெல்ஷ்தாமின் கவிதைகளைப் பற்றி எழுதிய மதிப்புரை. மதிப்புரை! நானும் நூற்றுக்கணக்கில் மதிப்புரை எழுதியிருக்கிறேன், ஒன்றுகூட போலீஸ் ஃபைலில் சேரவில்லை என்று நம்புகிறேன்.

மே 2 விடியற்காலை அந்த ஓய்வு விடுதிக்கே வந்து பிடித்தார்கள். ஆள் எங்கே இருக்கிறார் என்று தேடவே வேண்டியதில்லை. டிசம்பர் 27 அன்று விளாதிவஸ்தோக் அருகே ஓர் இடைநிலை முகாமில் செத்துப்போனார். அந்தச் சீட்டே ஒரு பொறிதான் என்று மனைவி கடைசிவரை நம்பினார். பொறியோ தற்செயலோ, கடிதத்தில் கையெழுத்து இருக்கிறது. அரசு கேட்டு எழுதிய கடிதமல்ல அது, சங்கம் அரசைக் கேட்டு எழுதியது.

ரேஷன் கார்டு என்று சொல்வது உவமைதானே?
— வி. எஸ்., கும்பகோணம்

இல்லை. 1946-இல் கவிஞர் அக்மாதவாவையும் நகைச்சுவை எழுத்தாளர் ஜோஷென்கோவையும் சங்கத்திலிருந்து நீக்கினார்கள். போருக்குப் பிந்தைய பங்கீட்டுக் காலம். அக்மாதவாவின் ரேஷன் கார்டு நிஜமாகவே பறிபோனது. ஐந்து வருடம் கழித்து, 1951-இல், மீண்டும் சேர்த்துக்கொண்டார்கள்.

சங்கத் தலைவர்கள் எல்லாருமே கல்நெஞ்சக்காரர்களா? அவர்களும் எழுத்தாளர்கள்தானே?
— ஓய்வுபெற்ற தலைமையாசிரியை, காரைக்குடி

உங்கள் கேள்விதான் அம்மா என்னை ரொம்ப நாள் குடைந்தது. அலெக்சாந்தர் ஃபதேயெவ் பெயர் கேள்விப்பட்டிருப்பீர்கள். 1946 முதல் 1954 வரை சங்கத்தின் தலைவர். நல்ல நாவலாசிரியர், ஸ்டாலினுக்கு நெருக்கம். நாஜிகளை எதிர்த்த இளைஞர்களைப் பற்றி அவர் எழுதிய நாவலுக்கு 1946-இல் ஸ்டாலின் பரிசு கிடைத்தது. அடுத்த வருடமே, அந்த நாவலில் கட்சியின் பங்கு போதாது என்று கட்சி நாளேடான 'பிராவ்தா' எழுதியது. தலைவர் என்ன செய்தார்? உட்கார்ந்து நாவலைத் திருத்தி எழுதினார். அத்தியாயங்கள் சேர்த்தார். 1951-இல் திருத்திய பதிப்பு வந்தது. அடுத்தவர் எழுத்தைத் திருத்தச் சொல்கிற நாற்காலியில் உட்கார்ந்திருந்தவர் தன் எழுத்தைத் தானே அறுத்துத் தைத்தார்.

எழுத்தாளர் எரென்புர்க் தன் நினைவுக் குறிப்புகளில் ஒன்று சொல்கிறார். ஃபதேயெவ் ஒரு கூட்டத்தில் கவிஞர் பாஸ்டர்நாக்கைத் தாக்கிப் பேசிவிட்டு வருகிறார். எரென்புர்க்கைக் கூட்டிக்கொண்டு குடிக்கப் போகிறார். கோப்பை வந்ததும், 'அசல் கவிதை கேட்கிறீர்களா?' என்று தொடங்கி, பாஸ்டர்நாக்கின் கவிதைகளை மனப்பாடமாகச் சொல்லிக்கொண்டே போகிறார்.

ஸ்டாலின் இறந்த பிறகு முகாம்களிலிருந்து உயிரோடு மிஞ்சிய எழுத்தாளர்கள் திரும்பி வரத் தொடங்கினார்கள். 1956 மே 13, பெரெதெல்கினோ வீட்டில் ஃபதேயெவ் தன்னைத்தானே சுட்டுக்கொண்டார். குடிப்பழக்கம்தான் காரணம் என்று அரசு அறிவித்தது. மத்தியக் குழுவுக்கு அவர் எழுதி வைத்த கடிதம் 1990-இல்தான் அச்சில் வந்தது. நான் என் உயிரையே அர்ப்பணித்த கலையைக் கட்சித் தலைமையின் அகந்தை கலந்த அறியாமை அழித்துவிட்டது, இனி வாழ வழியில்லை என்பது அதன் சாரம். அவரை நல்லவர் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. கல்நெஞ்சக்காரர் என்றும் சொல்ல முடியவில்லை.

உறுப்பினர் அட்டை இல்லாமல் ஒருவர் எழுதவே முடியாதா? சட்டம் அப்படி இருந்ததா?
— சட்டக் கல்லூரி மாணவர், திருச்சி

எழுதக் கூடாது என்று சட்டம் இல்லை தம்பி. வேலை செய்யாமல் இருக்கக் கூடாது என்று இருந்தது. 'ஒட்டுண்ணி' என்று வழக்குப் போடுவார்கள். அட்டை இருப்பவர் வீட்டில் உட்கார்ந்து எழுதினால் அது வேலை. அட்டை இல்லாதவர் எழுதினால் சும்மா இருக்கிறார் என்று அர்த்தம்.

1964-இல் லெனின்கிராதில் 23 வயது ஜோசஃப் பிராத்ஸ்கியை இப்படித்தான் கூண்டில் ஏற்றினார்கள். ஃபிரீதா விக்தோரவா என்ற பத்திரிகையாளர் நீதிமன்றத்தில் உட்கார்ந்து நடந்ததைக் குறித்துக்கொண்டார். குறிக்கக் கூடாது என்று அதட்டியும் விடவில்லை. அந்தக் குறிப்பு தட்டச்சுப் பிரதியாகக் கைமாறிக் கைமாறி உலகம் முழுக்கப் போனது.

நீதிபதி: 'நீ கவிஞன் என்று யார் ஒப்புக்கொண்டது? கவிஞர்கள் வரிசையில் உன்னை யார் சேர்த்தது?'

பிராத்ஸ்கி: 'யாரும் இல்லை. மனிதர்கள் வரிசையில் என்னை யார் சேர்த்தது?'

நீங்கள் சட்டம் படிப்பவர், அந்த நீதிபதியின் இடத்திலிருந்து பாருங்கள். அந்த அம்மா முட்டாள்தனமாகக் கேட்கவில்லை. அந்த நாட்டில் அந்தக் கேள்விக்குப் பதில் உண்டு. விலாசம் உண்டு, முத்திரை உண்டு, உறுப்பினர் எண் உண்டு. பையனிடம்தான் அது இல்லை. ஐந்து வருடம் வடக்கே அர்ஹான்கெல்ஸ்க் பக்கம் கட்டாய உழைப்பு என்று தீர்ப்பு. ஒன்றரை வருடத்தில் விட்டுவிட்டார்கள். 1987-இல் அவருக்கு நோபல் பரிசு.

சங்கத்தின் லெனின்கிராத் கிளை அவருக்கு எதிராகவே நின்றது. ஆனால் அதே சங்கத்து உறுப்பினர்கள் மூன்று பேர், குருதினினா, எத்கிந்த், அத்மோனி, பையன் பக்கம் சாட்சி சொன்னார்கள். அதற்காகச் சங்கத்தில் அவர்களைக் கண்டித்தார்கள். கண்டனத்தில் பெயர் வந்தவர்களையும் நாம் ஞாபகம் வைத்துக்கொள்ள வேண்டும்.

நம் சாகித்திய அகாதெமியும் அரசுப் பணத்தில் நடப்பதுதானே?
— ஜி. என்., சேலம்

பணம் அரசுடையதுதான். 1954-இல் தொடங்கியது, முதல் தலைவர் நேரு. ஆனால் அது சங்கமல்ல, அதன் அட்டை இல்லாமல் யாருக்கும் அரிசி நிற்காது. 2015-இல் கன்னட எழுத்தாளர் கல்புர்கி கொலைக்குப் பிறகு நாற்பது பேர் அளவில் விருதைத் திருப்பிக் கொடுத்தார்கள். திட்டு வாங்கினார்கள், வீடு காலி செய்யச் சொல்லி யாரும் வரவில்லை. நமக்கு உள்ள வியாதி வேறு. கேட்காமலே குனிவது, பொன்னாடைக்குத் தோளைக் காட்டுவது. அதை இன்னொரு நாள் பேசலாம்.

மாஸ்கோ சாயலில் பக்கத்து உதாரணம் வேண்டுமென்றால் பாகிஸ்தான். அங்கே முற்போக்கு எழுத்தாளர் சங்கத்தை 1954-இல் தடை செய்தார்கள். 1958 அக்டோபரில் அயூப் கான் ஆட்சியைப் பிடித்தார். 1959 ஜனவரியில் கராச்சியில் எழுத்தாளர் கில்டு பிறந்தது. அதன் பொதுச் செயலாளர் குத்ரதுல்லா ஷஹாப் நல்ல உருது எழுத்தாளர். அயூப் கானின் செயலாளரும் அவரேதான்.

ஐயா, நீங்கள் வாழ்நாளெல்லாம் சோவியத் புத்தகம் விற்றுச் சோறு தின்றவர். இன்று இப்படி எழுதக் கூசவில்லையா?
— பழைய வாடிக்கையாளன், மதுரை (பதிவுத் தபால் இவருடையதுதான்)

கூசுகிறது. நீங்கள் நினைக்கிற காரணத்துக்காக அல்ல.

அந்தப் புத்தகங்களை விற்றதில் எனக்கு ஒரு வெட்கமும் இல்லை. மாஸ்கோவில் அச்சாகி வந்த கெட்டி அட்டை, அந்தப் பசை வாசனை, நம் ஊர் டிபன் காசுக்கு ஒரு தடிப் புத்தகம். ரகுநாதன் மொழிபெயர்த்த 'தாய்' நாவலை வாங்கிப்போன மில் தொழிலாளிகள் அடுத்த சம்பளத்தில் திரும்பி வந்து வேறென்ன இருக்கிறது என்று கேட்பார்கள். 'சோவியத் நாடு' பத்திரிகையின் வழுவழுத் தாளில் நோட்டுக்கு அட்டை போடாத பையன் அன்றைக்கு ஏது?

கூசுகிற விஷயம் வேறு. 1980-களின் தொடக்கம். ஒரு கண்காட்சியில் மேஜை போட்டிருந்தேன். ஒரு சின்னப் பையன், புதிதாக வாத்தியார் வேலைக்குச் சேர்ந்தவன் போல, தயங்கித் தயங்கி வந்து, "பாஸ்டர்நாக் நாவல் இருக்குங்களாண்ணே?" என்றான்.

"அதெல்லாம் நம்மகிட்ட வராது தம்பி. மோசமான புத்தகம்."

"நீங்க படிச்சிருக்கீங்களா?"

"படிக்காமலே தெரியும்."

சொல்லிவிட்டு ஷோலகோவ் நாவல் ஒன்றை எடுத்து அவன் கையில் திணித்தேன். வாங்கிக்கொண்டுதான் போனான்.

பல வருடம் கழித்துத்தான் 1958 கதை எனக்கு முழுசாகத் தெரிந்தது. அந்தப் பையன் கேட்ட நாவல், 'டாக்டர் ஷிவாகோ', அப்போது அந்த நாட்டில் அச்சாகவே இல்லை. 1957-இல் இத்தாலியில் வெளிவந்தது. 1958 அக்டோபர் 23 நோபல் அறிவிப்பு, 27 சங்கத்திலிருந்து நீக்கம், 29 பரிசு வேண்டாம் என்று பாஸ்டர்நாக்கின் தந்தி. அத்தோடும் விடவில்லை. 31 அன்று மாஸ்கோ எழுத்தாளர்கள் கூடி, அவருடைய குடியுரிமையைப் பறிக்க வேண்டும் என்று அரசைக் கேட்டுத் தீர்மானம் போட்டார்கள். ஸ்லூத்ஸ்கி போன்ற, போரில் நின்று வந்த, நல்ல கவிஞர்கள்கூட எழுந்து பேசினார்கள். ஸ்லூத்ஸ்கி அதைச் சாகும்வரை தன்னை மன்னித்துக்கொள்ளாமல் சுமந்தார். புத்தகத்தையே பார்க்காதவர்கள் அங்கே நிறைய. 'நான் படிக்கவில்லை, ஆனால் கண்டிக்கிறேன்' என்பது அங்கே பழமொழி மாதிரி ஆகிவிட்டது.

மதுரையில் மேஜைக்குப் பின்னால் நின்றுகொண்டு அதே வசனத்தை நானும் சொல்லியிருக்கிறேன். எனக்கு வீடு போகாது, கார்டு போகாது. ஒருவரும் என்னை மிரட்டவில்லை. சும்மாவே சொன்னேன்.

நாவலை 1990-களில் ஒரு பழைய புத்தகக் கடையில் ஆங்கிலத்தில் பிடித்தேன். படிக்க மூன்று மாதம் ஆனது. உண்மையைச் சொன்னால் நடுவில் தொய்கிறது, ஆட்கள் அடிக்கடி நம்ப முடியாத இடங்களில் சந்தித்துக்கொள்கிறார்கள். ஆனால் யூரல் பக்கம் போகும் அந்த நீண்ட ரயில் பயணமும் கடைசியில் வரும் கவிதைகளும் போதும். வாத்தியார் தம்பி இதைப் படித்தால், அன்று கொடுத்த ஷோலகோவும் நல்ல புத்தகம்தான். பொய் சொல்லாமல் கொடுத்திருக்கலாம்.

பாஸ்டர்நாக்கை நீக்கிய பிறகு அந்த பெரெதெல்கினோ வீடு என்ன ஆனது? பிடுங்கிக்கொண்டார்களா?
— எம். ஏ., நாகர்கோவில்

உடனே இல்லை. இங்கே ஒரு வேடிக்கை. சங்கத்திலிருந்து நீக்கினார்களே தவிர, இலக்கிய நிதியத்தின் பட்டியலில் அவர் பெயரை அப்படியே விட்டுவிட்டார்கள். 1960 மே 30 அன்று அந்த வீட்டிலேயே இறந்தார். பத்திரிகையில் ஒரு மூலையில் நாலு வரி வந்தது: எழுத்தாளரும் இலக்கிய நிதியத்தின் உறுப்பினருமான பாஸ்டர்நாக் காலமானார் என்று. கவிஞர் என்ற சொல்லே கிடையாது. அடக்கம் எங்கே, எத்தனை மணிக்கு என்பதும் கிடையாது. அதை யாரோ கையால் எழுதி, மாஸ்கோவின் கீவ் ரயில் நிலையத்தில், பெரெதெல்கினோவுக்கு டிக்கெட் தரும் ஜன்னலுக்குப் பக்கத்தில் ஒட்டினார்கள். கிழித்தால் இன்னொன்று ஒட்டினார்கள். ஜனம் திரண்டுவிட்டது.

வீட்டில் குடும்பம் தொடர்ந்து இருந்தது. வீடு நிதியத்தின் சொத்து, உறுப்பினர் செத்துவிட்டார், காலி செய்யுங்கள் என்று பின்னால் வழக்குப் போட்டார்கள். 1984-இல் சாமான்களை எடுத்து வெளியே வைத்தார்கள். 1987-இல் சங்கம் அவரைத் திரும்பச் சேர்த்துக்கொண்டது. செத்து 27 வருடம் ஆனவருக்கு உறுப்பினர் பதவி. 1988-இல் நாவல் மாஸ்கோவில் அச்சானது. 1990-இல் அதே வீட்டை அருங்காட்சியகமாகத் திறந்தார்கள். அதற்கடுத்த வருடம் சோவியத் நாடு போனது, சங்கமும் துண்டு துண்டாகச் சிதறியது. துண்டுகள் பெரெதெல்கினோ வீடுகளுக்காக ரொம்ப வருடம் கோர்ட்டில் சண்டை போட்டுக்கொண்டிருந்தன.